அம்மாவிடம் சொன்னால் போன் போய்விடும்: இளையோரிடையே இணையவழித் துன்புறுத்தல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் பிள்ளைகளின் முன்னோர், 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். இன்று இந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழி ஆங்கிலம். கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று குடும்பப் பெயரில் பழைய ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னை எல்லாரும் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்ற ஆண்டு, எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாகப் படிப்பவள். எழுத்துகளைக் கோலம் போடுவதுபோல் அழகாக எழுதுவாள். நான்கு வாரம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் வயிற்று வலி என்றாள். அம்மா தேநீர் போட உள்ளே போனதும் மெல்ல வாய் திறந்தாள்.

தைப்பூசக் காவடியன்று அவள் அம்மா காவடி எடுத்திருக்கிறார். அம்மாவுக்கு அருள் வந்ததைப் பார்த்து இவள் அழுதிருக்கிறாள். கூட்டத்தில் யாரோ அதைப் போனில் எடுத்துவிட்டார்கள். அந்த வீடியோவிலிருந்து அவள் அழும் முகத்தை மட்டும் வெட்டி, பள்ளி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப் ஸ்டிக்கராக ஆக்கிவிட்டான். வகுப்புக் குழுவில் யார் எதைச் சொன்னாலும், கணக்குப் பாடம் கடினம் என்றாலும், கிரிக்கெட்டில் தோற்றாலும், கீழே அந்த முகம் வந்து விழும். கொஞ்ச நாளில் அது அடுத்த பள்ளிக்கும் போய்விட்டது. அவளை யாரென்றே தெரியாத பிள்ளைகள்கூட அந்த முகத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அம்மாகிட்ட சொன்னா போன் போயிடும், ஆன்ட்டி."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம். இணையவழித் துன்புறுத்தல் என்றால் என்ன, தென்னாப்பிரிக்காவில் அதற்கு என்ன வழி இருக்கிறது, பெரியவர்களாகிய நாம் எங்கே தவறுகிறோம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புதிதாக இங்கே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு, சட்டத்தின் பெயர் மாறும். பிள்ளைகளின் பயம் மாறாது.

கிண்டலும் இதுவும்

கிண்டல், கேலி, நக்கல், சீண்டல், வம்பு என்று நம்மிடம் இதற்கு எத்தனையோ சொற்கள் உண்டு. அதனாலேயே, பிள்ளை வந்து புகார் சொன்னால் இவற்றில் ஏதோ ஒன்றின் கீழ் அதைப் போட்டுவிடுகிறோம். "கிண்டல்தானே பண்ணினான், விட்டுத் தள்ளு" என்கிறோம். கிண்டல் செய்பவனும் செய்யப்படுபவனும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். ஒருத்தி மட்டும் எப்போதும் அடிவாங்கும் இடத்திலேயே நின்றால் அதற்குப் பெயர் கிண்டல் இல்லை.

பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை முறையாக ஆராய்ந்த முன்னோடி, நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே நோகடிப்பது, அது திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது. இந்த மூன்றும் இருந்தால் அது துன்புறுத்தல். உலகம் முழுவதும் இன்றும் இதைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகிறார்கள்.

போன் வந்ததும் இந்த மூன்றும் கொஞ்சம் உருமாறிவிட்டன. முக்கியமாக இரண்டாவது. அந்த ஸ்டிக்கரைச் செய்த பையன் ஒரே ஒரு முறைதான் செய்தான். "நான் ஒரு தடவைதானே அனுப்பினேன்" என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது இருநூறு முறை நடந்தது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை அவனுக்காக மற்றவர்கள் செய்துவிட்டார்கள். முகநூல் பதிவானாலும் டிக்டாக் வீடியோவானாலும் இதே கதைதான்.

பலமும் அப்படித்தான். மைதானத்தில் என்றால் உயரமானவன், முரடன், கூட்டம் சேர்ப்பவன்தான் பலசாலி. போனில் நோஞ்சான் பையன்கூடப் பொய்ப் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டால் போதும், எதிரில் இருப்பவளுக்கு யாரை எதிர்ப்பதென்றே தெரியாது. வேண்டுமென்றே செய்வதா என்ற கேள்வியும் குழப்பமாகிவிட்டது. அனுப்புகிறவனுக்கு எதிராளியின் முகம் தெரிவதில்லை. நேரில் என்றால் கண் கலங்குவதைப் பார்த்து பாதிப் பிள்ளைகள் நிறுத்திக்கொள்வார்கள். திரையில் அந்தத் தடுப்பு இல்லை.

இன்னொரு வித்தியாசம், நேரம். என் காலத்தில் பள்ளி மணி அடித்ததும் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வீடு என்பது தப்பித்து வந்து சேரும் இடம். இன்றைக்கு அது தலையணைக்கு அடியில் இரவு பதினொன்றுக்கும் அதிர்கிறது.

என்னென்ன வடிவில் வரும் என்று நீளமாகப் பட்டியல் போடலாம், அது அவ்வளவு அவசியம் இல்லை. வசைச் செய்தி, மிரட்டல், பொய்க் கணக்கு, அந்தரங்கப் படத்தைப் பரப்புவது எல்லாம் நமக்குத் தெரியும். பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாதது ஒதுக்கிவைப்பது. வகுப்பில் எல்லாரையும் சேர்த்துப் புதிதாகக் குழு தொடங்கி ஒருத்தியை மட்டும் விட்டுவிடுவார்கள். திரையில் எந்தக் கெட்ட சொல்லும் இருக்காது, காட்டுவதற்கு ஆதாரமும் இருக்காது. மறுநாள் காலையில் எல்லாரும் அவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பதின்மூன்று வயதில் அது எப்படி வலிக்கும் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இந்த மண்ணுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 'கூலி' என்ற சொல் தமிழில் உழைப்புக்கு வாங்கும் காசு. நேர்மையான சொல். இங்கே அது இந்திய வம்சாவளியினரை இழிவுபடுத்தும் வசைச்சொல். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள்மேல் தலைமுறை தலைமுறையாக எறியப்பட்ட கல். கறுப்பின மக்கள்மேல் எறியப்படும் சொல் இன்னும் கொடியது. இன்றைய பிள்ளைகள் எல்லா இனமும் கலந்த வகுப்பில் படிக்கிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் குழு அரட்டையில் மீம் என்ற பெயரில் இந்தச் சொற்கள் இரு பக்கமும் பறக்கின்றன. நம் பிள்ளை வாங்குகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. அனுப்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏன் சொல்ல மாட்டார்கள்

போன் போய்விடும் என்ற பயம் முதலாவது. நமக்குப் போன் ஒரு கருவி. அவர்களுக்கு அதுதான் தெருமுனை, மைதானம், கல்யாண வீட்டுத் திண்ணை எல்லாம். அடிபட்டு வந்த பிள்ளையிடம் "இனி நீ வெளியிலேயே போகாதே" என்றால் தண்டனை யாருக்கு? அந்தப் பெண்ணின் அம்மாவும், விஷயம் தெரிந்த அன்று இரவு, நல்ல எண்ணத்தில்தான் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பின் மூன்று நாள் அவள் தூங்கவில்லை. குழுவில் என்ன பேசுகிறார்கள் என்று முன்பு தெரிந்தது, இப்போது தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது இருந்த வேதனையைவிட, பார்க்க முடியாமல் நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கொடுமையாக இருந்தது.

இரண்டாவது, தன் தவறும் வெளியே வரும் என்ற பயம். வாட்ஸ்அப், டிக்டாக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச வயது 13. பத்து வயதிலேயே பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கிய பிள்ளைக்கு, தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் தான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். காதலித்தவனை நம்பிப் படம் அனுப்பிய பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்தப் பயம் நூறு மடங்கு.

மூன்றாவது நம் வீட்டுச் சமாசாரம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு நம்மோடு கப்பலேறி வந்தது. கரும்புத் தோட்டத்திலும் அது வாடவில்லை. பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது, "கோயிலில் யாருக்காவது தெரியுமா?" என்று முதல் கேள்வி கேட்ட அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடத்தில், தான் பட்ட காயத்தைவிடக் குடும்ப மானம் பெரியது என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. அடுத்த முறை அது சொல்லாது.

வயது வரம்பைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் அந்தத் தடைக்குள் வரவில்லை. எங்கள் ஸ்டிக்கர் சுற்றியது வாட்ஸ்அப்பில்தான். ரகசியமாகக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளை, முன்பைவிட இன்னும் ஆழமாக வாயை மூடிக்கொள்ளும் என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

பிள்ளை சொன்ன அன்று இரவு

பிள்ளை வந்து சொல்லிவிட்டது. இப்போது என்ன செய்வது?

சொன்னதற்காக ஒன்றும் பறிபோகாது என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "போன் உன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்." இதைச் சொல்லிவிட்டு உண்மையிலேயே அப்படி நடந்துகொள்ளவும் வேண்டும். பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் காட்டும் அளவுக்குப் பாருங்கள். அவர்கள் சார்பில் கோபமாகப் பதில் எழுதாதீர்கள். அப்பா எழுதிய அந்தப் பதிலே மறுநாள் அடுத்த மீம் ஆகிவிடும்.

அடுத்து ஆதாரம். பெரும்பாலான குடும்பங்கள் கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகின்றன. வாட்ஸ்அப்பில் தானே மறையும் செய்திகள் 24 மணி நேரத்திலும் போகலாம், 7 நாளிலும் போகலாம். அனுப்பியவனும் கொஞ்ச காலத்துக்குள் எல்லாருக்குமாக அழித்துவிட முடியும். அதனால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். பலர் விடும் தவறு ஒன்று: நம் போனில் நாம் சேமித்த பெயர்தான் படத்தில் தெரியும். 'குட்டி' என்று சேமித்திருந்தால் 'குட்டி' என்றுதான் இருக்கும். அதை வைத்து யாரென்று நிரூபிக்க முடியாது. அந்தப் பெயரைத் தொட்டு, தொலைபேசி எண் தெரியும் பக்கத்தையும் தனியாகப் படம் எடுத்து வையுங்கள். அதன்பிறகு தடை செய்யலாம், செயலியிலேயே புகார் கொடுக்கலாம்.

அந்தரங்கப் படம் என்றால் மட்டும் விதி வேறு. இதை இரண்டு முறை படியுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நிர்வாணப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் இங்கே கடுமையான குற்றம். 'ஆதாரம்' என்று அதைப் பள்ளி முதல்வருக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பிவிடாதீர்கள். படம் எடுத்துச் சேர்க்கவும் வேண்டாம். யார், எப்போது, எந்தக் குழுவில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, போனையே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க அது உதவுகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைரேகைபோல ஓர் எண்குறியீட்டை உங்கள் போனிலேயே உருவாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் அனுப்பும். இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பிள்ளை சாப்பிடவில்லை, தூங்கவில்லை, "நான் இல்லாமலிருந்தால் நல்லது" என்கிற மாதிரி பேசுகிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். பிள்ளைகளுக்கான உதவி அழைப்புச் சேவையான சைல்ட்லைனின் எண் 116. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், பிள்ளையே கூப்பிடலாம். மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் உதவும் சாடாக் அமைப்பின் எண் 0800 567 567. இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் போனில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். நல்லபடியாக இருக்கும்போதே.

சட்டத்தில் என்ன இருக்கிறது

தென்னாப்பிரிக்காவில் 'இணையவழித் துன்புறுத்தல்' என்ற பெயரில் தனியாக ஒரு சட்டம் இல்லை. அதனால் "போலீஸுக்குப் போனாலும் ஒன்றும் ஆகாது" என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. பல சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

சாதாரணக் குடும்பத்துக்கு மிகவும் பயன்படுவது 2011-இல் இயற்றப்பட்டு 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்லைத் தடுப்புச் சட்டம். மின்னணுச் செய்திகள் வழியாக வரும் தொல்லையும் இதில் அடங்கும். உள்ளூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பெற்றோர் துணை இல்லாமல் பிள்ளையே விண்ணப்பிக்கலாம் என்பது. சில வீடுகளின் நிலை என்ன என்று தெரிந்துதான் இதை எழுதியிருக்கிறார்கள். பொய்க் கணக்கு, யாரென்று தெரியாது என்றாலும் வழி உண்டு. அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று சொல்லும்படி தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். இந்த நாட்டில் சிம் அட்டைகளை அடையாளச் சான்றோடு பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆணையை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை.

அடுத்தது, 2020-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டமான இணையக் குற்றங்கள் சட்டம். 2021 டிசம்பர் 1 முதல் இதன் பெரும்பகுதி நடைமுறையில் உள்ளது. வன்முறையைத் தூண்டும் செய்தி, ஒருவரை மிரட்டும் செய்தி, அனுமதி இல்லாமல் அந்தரங்கப் படத்தை வெளியிடும் செய்தி மூன்றும் குற்றம். அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படம் உண்மையானதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. செயற்கையாக உருவாக்கியதும் சேரும் என்று சட்டமே சொல்கிறது. வகுப்புத் தோழியின் முகத்தை ஏஐ செயலியில் போட்டு விளையாடும் பையன்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

இவை தவிர, ஒருவரின் மானத்தை வேண்டுமென்றே கடுமையாகப் புண்படுத்துவது 'கிரிமென் இஞ்ஜூரியா' என்ற பழைய குற்றத்தின் கீழ் வரும். இனவசைகளுக்கு இதன்கீழ் இங்கே தண்டனை கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளி விஷயம் தனி. "பள்ளி நேரத்தில் நடக்கவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதிலை நானும் கேட்டிருக்கிறேன். 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியின் ஆட்சிக்குழுவும் மாணவர், பெற்றோர், ஆசிரியரைக் கலந்து நடத்தை விதிகளை வகுக்க வேண்டும். அந்த ஆட்சிக்குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அதனால் கேளுங்கள்: பள்ளிக்கு வெளியே போனில் நடப்பதைப் பற்றி நம் விதிகளில் ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பெற்றோர் ஆட்சிக்குழுத் தேர்தலுக்கு நிற்பது குறைவு என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. கோயில் கமிட்டிக்கு இருக்கும் போட்டியில் பாதியாவது அங்கே இருக்கலாம்.

செய்தவனும் ஒரு பிள்ளைதான்

இவ்வளவு சட்டம் சொன்னதும் சிலருக்கு உடனே அந்தப் பையனை உள்ளே தள்ள வேண்டும் என்று தோன்றும். அந்தக் கோபம் எனக்கும் வந்தது. ஆனால் அவனுக்கு 13 வயது.

2022 ஆகஸ்டு முதல் இங்கே 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைமேல் குற்ற வழக்குத் தொடர முடியாது. முன்பு அது 10 ஆக இருந்தது. 12 நிறைந்து 14 ஆகாத பிள்ளைக்கு, தான் செய்வது தவறு என்று புரிந்து அதற்கேற்ப நடக்கும் பக்குவம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் முடிந்தவரை வழக்கை நீதிமன்ற விசாரணைக்கு வெளியே தீர்க்கப் பார்க்கிறது. மன்னிப்புக் கேட்பது, சமூக சேவை, ஆலோசனை, இரு குடும்பமும் உட்கார்ந்து பேசுவது என்று வழிகள் வைத்திருக்கிறது. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பிரிட்டோரியாவில் ஒரு பள்ளியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மாணவன் ஒருவன் வீட்டுக் கணினியில், இரண்டு நிர்வாண ஆண்களின் படத்தில் தலைமை ஆசிரியர் முகத்தையும் துணைத் தலைமை ஆசிரியர் முகத்தையும் ஒட்டினான். இன்னொருவனுக்கு அனுப்பினான். பள்ளி முழுக்கப் பரவியது. துணைத் தலைமை ஆசிரியர் வழக்குப் போட்டார். அது அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. இதில் தொடர்புடைய மாணவர்கள் மூவரும் சேர்ந்து 25,000 ராண்டு இழப்பீடு தர வேண்டும், நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பணத்தைக் குறைத்து மன்னிப்பைச் சேர்த்தது நீதிமன்றம். சிறுவர் விளையாட்டு என்று தள்ளவும் இல்லை, வாழ்க்கையைக் கெடுக்கவும் இல்லை. இதுபோன்ற விஷயங்களில் நான் பின்பற்ற விரும்பும் அளவுகோல் அதுதான்.

மன்னிப்பு என்றால் முதல்வர் அறையில் நிற்க வைத்து "ஸாரி சொல்லு" என்று வாங்குவது இல்லை. அது இருவரையும் அவமானப்படுத்தும். எங்கள் விஷயத்தில் பையனின் தாத்தாதான் அவனை அழைத்துக்கொண்டு வந்தார். அவன் பேசுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் கேட்டோம், உனக்குச் சம்மதமா, யார் உடன் இருக்க வேண்டும் என்று. முதல் முறை அவள் வேண்டாம் என்றாள். திருப்பி அனுப்பிவிட்டோம். இரண்டு வாரம் கழித்துச் சரி என்றாள். அந்த இரண்டு வாரம் அவனுக்கும் தேவைப்பட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும் நாம்

2021 ஏப்ரலில் லிம்போபோ மாகாணத்தில் 15 வயது மாணவி ஒருத்தியை இன்னொரு மாணவி அடித்தாள். சுற்றி நின்றவர்கள் போனில் எடுத்தார்கள். வீடியோ பரவியது. அன்றே அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நாடே அதிர்ந்தது. அடித்தவளைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கோ அந்தப் போன்களை உயர்த்திப் பிடித்த கைகள்தான் மனதை விட்டுப் போகவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கையாவது போனைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன்.

பின்லாந்தில் டுர்க்கு பல்கலைக்கழகத்தில் 'கிவா' என்ற திட்டம் உருவாக்கி, 2009 முதல் நாடு முழுவதும் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை இதுதான்: துன்புறுத்துபவன் கூட்டத்துக்காகச் செய்கிறான், ஆகவே கூட்டத்தை மாற்று. சிரிப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தவும், பாதிக்கப்பட்டவள் பக்கத்தில் போய் நிற்கவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். குழுவில் எல்லார் முன்னாலும் வீரமாக எதிர்த்துப் பேசச் சொல்ல வேண்டியதில்லை. பதின்ம வயதில் அது பெரிய சுமை. அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாலே போதும். "பார்த்தேன். நல்லா இல்ல. நாளைக்கு இடைவேளையில என்கூட வா."

பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் நம் குழுக்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊர் வாய் இப்போது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. எந்தப் பெண் யாருடன் காரில் போனாள் என்று குரல்பதிவு அனுப்புவதும், காவடியில் அருள் வந்தவரை அவர் கேட்காமலே வீடியோ எடுத்துப் போடுவதும் பெரியவர்கள்தான். அந்த ஸ்டிக்கர் பிறந்த வீடியோவை எடுத்ததும் ஒரு பெரியவர், பக்தியோடுதான். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். காவடிக்கு முன் ஒலிபெருக்கியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறோம்: பிள்ளைகளையும் அருள் வந்தவர்களையும் நெருங்கிப் படம் எடுக்காதீர்கள், எடுத்ததைப் பகிராதீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். முன் வரிசையில் போன்கள் குறைந்திருக்கின்றன.

அந்த ஸ்டிக்கரை எல்லாப் போன்களிலிருந்தும் எங்களால் நீக்க முடியவில்லை. அது முடியாது. வகுப்பில் ஐந்து பெண்கள் சேர்ந்து, அதை யார் அனுப்பினாலும் அதன் கீழே ஒன்றும் எழுதாமல் இருப்பது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்; பெரியவர் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிரிப்பு வராத இடத்தில் அது மூன்று வாரத்தில் சோர்ந்து விழுந்தது. அந்தப் பெண் தமிழ் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். இப்போது 'ழ' எழுதும்போது வாலை நீளமாக இழுக்கிறாள், நான் திருத்துவதில்லை.

போன மாதம் அவள் அம்மா கோயிலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முந்தைய நாள் இரவு பத்தரை மணிக்கு மகள் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறாள். இந்த முறை அவளுக்கு ஒன்றும் இல்லை. வேறொரு பெண்ணைப் பற்றி ஏதோ சுற்றுகிறதாம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டிருக்கிறார். எண் தெரியும் பக்கத்தை எப்படிப் படம் எடுப்பது என்று மகள் சொல்லிக்கொடுத்தாளாம். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சரியாக வந்ததாம்.